ஊர்ப் பயணம்: கும்பகோணத்தில் ஒரு பட்ஜெட் துணிக்கடை

ஊருக்குப் போய் வருகிறவர்கள் விமான நிலையம், வங்கி, தாலுகா ஆபீஸ் என்று எழுதுவார்கள். நான் துணிக்கடையைப் பற்றி எழுதுகிறேன். சிங்கப்பூரில் ஒரு துணிக்கடை நிறுவனத்தில் எனக்கு டிஸ்ப்ளே வேலை. பொம்மைக்கு உடுத்துவது, ரேக் அடுக்குவது, எந்தச் சுவரில் எந்தத் துணி என்று முடிவு செய்வது. அதனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

இந்த முறை குறுவை அறுப்பு முடிந்து, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பாபநாசம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். டெல்டாவில் ஜவுளிக்கு இதுதான் பெரிய பருவம். மேட்டூர் அணை ஜூன் 12 வாக்கில் திறந்து, தண்ணீர் ஒழுங்காக வந்து, குறுவை விளைந்தால் கையில் காசு புரளும். அது நேரே கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் துணி எடுக்கப் போகும். அம்மா, அண்ணி, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், நான் என்று நாலு பேரும் கும்பகோணத்தில் புதிதாக வந்திருக்கும் ஒரு பட்ஜெட் கடைக்குக் கிளம்பினோம். பெரும்பாலும் எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் கடையின் பெயர் வேண்டாம்.

முதலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பழைய ஜவுளிக்கடையில் பாயிலோ பெஞ்சிலோ உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம் கேட்கிற முதல் கேள்வி: “என்ன ரேட்டுல பாக்குறீங்க?” கேட்பவர் மரியாதையாகத்தான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் அப்பா ஒரு கணம் எங்கள் முகத்தைப் பார்ப்பார். பக்கத்தில் வேறு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர் சொல்லும் தொகைக்கு ஏற்ற அலமாரிதான் திறக்கும். மேல் தட்டில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. பத்துப் புடவையை விரித்துப் போட்ட பிறகு ஒன்றும் எடுக்காமல் எழுந்து வருவதும் லேசான காரியமில்லை.

இந்தக் கடையில் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு மேலும் விலை பெரிய எழுத்தில் தொங்குகிறது. 199, 299, 399. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கிராமத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, இரண்டு பெண் பிள்ளைகளோடு 299 ஸ்டாண்டில் நின்றார்கள். பெரியவள் நகர்ந்து போய் 599 ஸ்டாண்டில் இருந்த ஒரு கவுனை எடுத்து, தன் மேல் வைத்துப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டு வந்தாள். அப்பா எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர் அந்தக் கடையில் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. கடை வடிவமைப்பு என்று நாங்கள் அலங்காரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இப்படி ஒரு மனிதரின் மரியாதையைக் காப்பாற்றுவதும் அந்த வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

(999 என்று டேக் போடுவதற்குப் பின்னால் வரிக் கணக்கும் இருந்தது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது உடைக்கு ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. 2025 செப்டம்பரில்தான் அந்த 5 சதவீத எல்லையை 2500 வரை உயர்த்தினார்கள்.)

இந்த வகைக் கடைகள் டிஸ்ப்ளேயில் இவ்வளவு கவனம் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. டாடா குழுமத்தின் ஸூடியோ (Zudio) துணிக்கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள் (நான் போனது வேறு கடை). அவர்கள் ஆன்லைனில் விற்பதே இல்லை, சொந்தச் சரக்குதான். அப்படியானால் கண்ணாடி வழியாகத் தெரிவதும் உள்ளே கண்ணில் படுவதும்தான் விளம்பரம். விற்பனையாளர் பக்கத்தில் நின்று பேசிப் புரியவைக்கப் போவதில்லை என்பதால் ரேக்தான் பேச வேண்டும்.

நான் போன கடையில் ரேக் நன்றாகவே பேசுகிறது. வாசலைத் தாண்டி ஏழெட்டு அடிக்கு எதுவும் வைக்கவில்லை. வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்குக் கண் பழகவும் நடை தளரவும் கொஞ்சம் இடம் தேவை. அங்கே சரக்கை வைத்தால் பார்க்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். பொம்மைகள் தலையில்லாத சாம்பல் நிறம். வெளுத்த தோலும் நீல விழியுமாக நிற்கும் பழைய பொம்மைகளைவிட இது எவ்வளவோ மேல், நம் ஊர்ப் பெண் அதில் தன்னை வைத்துப் பார்க்க முடியும். பொம்மை போட்டிருக்கும் குர்த்தியும் பலாசோவும் அதன் காலடியிலேயே எல்லா சைஸிலும் தொங்குகின்றன. தேடி அலைய வேண்டாம். சுவரில் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகும் வரிசை, ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் சின்ன சைஸ் முன்னால், பெரிய சைஸ் பின்னால். ஹேங்கர் கொக்கிகள் எல்லாம் ஒரே திசையில். கொக்கி மாறியிருந்தால் ஒரு கையால் எடுக்க முடியாது, பக்கத்துத் துணியையும் இழுத்துக்கொண்டு வரும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் துணி பார்க்கும் தாய்மார்களுக்கு இது பெரிய உதவி.

டி-ஷர்ட் மேசையில் ஒரு பெண் மடிப்பு அட்டையை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். வலங்கைமான் பக்கமாம். அட்டையை முதுகில் வைத்து, இரண்டு பக்கமும் உள்ளே மடக்கி, அட்டையை உருவி, பாதியாக ஒரு மடி. கழுத்துப் பட்டை எல்லாம் ஒரே கோட்டில் நின்றது. “காலைல அடுக்கினா பதினோரு மணிக்குள்ள கலைஞ்சிடும்க்கா, மறுபடி மொதல்லேர்ந்து மடிக்கணும்” என்றாள். அலுப்பாகச் சொல்லவில்லை. எந்த நாட்டுக் கடையிலும் டிஸ்ப்ளே என்பது முக்கால்வாசி இந்த வேலைதான்.

அடுத்து வெளிச்சம். அம்மா பேத்திக்கு ஒரு குர்த்தியைத் தேர்ந்தெடுத்தார். “இது அரக்கா, காப்பிக்கொட்டைக் கலரா? ஒண்ணும் புரியலையேடி” என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பழைய ஜவுளிக்கடைப் பழக்கம் அது. அங்கே கடைக்காரரே “வெளிச்சத்துல வச்சுப் பாருங்கம்மா” என்று புடவையைத் தெருப் பக்கம் கொண்டு போவார். இங்கே செக்யூரிட்டி எழுந்து வந்து, “பாட்டி, பில் போடாம அந்தப் பக்கம் போகக் கூடாது, அலாரம் அடிச்சிடும்” என்றார். மடித்துக்கொண்டிருந்த அதே பெண் ஓடி வந்து, “நீங்க வாங்க பாட்டி” என்று அம்மாவை முன்பக்கக் கண்ணாடி ஓரம் அழைத்துப் போய், பொம்மைக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் குர்த்தியை விரித்துக் காட்டினாள். நல்ல அரக்கு. அம்மா முகம் தெளிந்துவிட்டது.

குறை அம்மா கண்ணில் இல்லை, விளக்கில் இருக்கிறது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு விளக்குகளுக்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு அளவு உண்டு. வழக்கமான எல்.இ.டி. 80ஐ ஒட்டி இருக்கும். துணிக்கடைக்கு 90க்கு மேல் வேண்டும். 80 அளவு விளக்கு முக்கியமாகச் சறுக்குவது அடர் சிவப்பில்தான். அரக்கும் மெரூனும் குங்குமக் கலரும் இல்லாமல் டெல்டாவில் எந்த வீட்டில் தீபாவளித் துணி எடுக்கிறார்கள்? கடை முழுக்க விளக்கை மாற்றச் செலவாகும், சரி. கண்ணாடிகளுக்கு மேலும் ட்ரையல் ரூமிலும் மட்டும் நல்ல விளக்கு போட்டாலே போதும். நம் ஊர் வாடிக்கையாளருக்கு நிறம் தெரியாமல் துணி வாங்கும் வழக்கமே கிடையாது.

ட்ரையல் ரூமில் தாழ்ப்பாள் ஒழுங்காக இருந்தது, கதவில் இடுக்கு இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான், அதற்கு முழு மதிப்பெண். ஆனால் உள்ளே ஒரே ஒரு கொக்கி. போட்டுப் பார்க்க வேண்டியது மூன்று, போட்டிருப்பது ஒன்று, துப்பட்டா, கைப்பை. அண்ணன் மகள் எல்லாவற்றையும் தரையில் வைத்துவிட்டு வந்தாள். கண்ணாடிக்கு நேர் மேலே ஒற்றை விளக்கு, கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிறது. “அத்தை, இதைப் போட்டா நான் சீக்காளி மாதிரி இருக்கேன்” என்றாள். வெளியே வந்து அதையே பார்த்தபோது பிடித்துவிட்டது.

வெளியே காத்திருக்கும் இடத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி. செருப்பு அடுக்கியிருந்த தாழ்வான மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்திலேயே இன்னொரு வீட்டுப் பாட்டி. வெளிநாட்டில் இந்த வகைக் கடைக்குப் பிள்ளைகள் தனியாக வருவார்கள். கும்பகோணத்தில் தீபாவளித் துணிக்குக் குடும்பமே வரும், பாட்டி சரி என்று சொன்னால்தான் பில். வரைபடம் போட்டவர் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இன்னொன்று, நடைபாதையில் நடுநடுவே ஆஃபர் கூடைகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ரேக்குக்குள் ஒதுங்க வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலி போகவே முடியாது.

எனக்குக் கோபமே வந்தது ஊழியர்கள் விஷயத்தில். அந்தப் பெண்களுக்கும் உட்கார இடமில்லை. தமிழ்நாடு அரசு 2021ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி கட்டாயம் என்று ஆக்கியது. கேரளம் 2018லேயே செய்தது. சட்டம் வந்து வருடங்கள் ஆன பிறகு கட்டிய கடையில் ஒரு ஸ்டூல்கூடப் போடாததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பில்லிங்கில் போன் நம்பர் கேட்டார்கள். சிங்கப்பூர் எண்ணை மெஷின் ஏற்கவில்லை, நம்பர் இல்லாமல் பில் நகராது என்றார் கவுண்டரில் இருந்தவர். நம்பர் தர விரும்பாதவருக்கு விற்பனையை மறுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சொன்னதும் மேனேஜர் வந்து, கடையின் எண்ணைப் போட்டு முடித்துக்கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் இதைத் தைரியமாகக் கேட்கலாம். வாங்கிய துணியை மாற்றிக்கொள்ளலாம், பணம் திரும்பத் தர மாட்டார்கள். டேக்கைக் கிழிக்காமல் வையுங்கள்.

அம்மாவுக்குப் பட்டு எடுக்கத் திருபுவனம் போனோம். அங்கே இன்னமும் உட்கார வைத்துத்தான் விரிக்கிறார்கள், பட்டுக்கு அதுதான் சரி.

பட்ஜெட் கடை மேனேஜரிடம் விளக்கு, கொக்கி, இருக்கை மூன்றையும் சொன்னேன். வயதில் சின்னவர், கேட்டுக்கொண்டார். “ஒவ்வொரு சதுர அடிக்கும் விற்பனைக் கணக்கு இருக்குங்க மேடம், பெஞ்ச் போட்டா அந்த இடம் போச்சு” என்றார். பாட்டி உட்கார்ந்தால் குடும்பம் இன்னும் அரை மணி நேரம் கடையில் இருக்கும், அந்த அரை மணி நேரத்தில்தான் இரண்டாவது பையும் நிரம்பும் என்றேன். ஊழியர் இருக்கையைப் பற்றிப் பேசியபோது அது சட்டம், விருப்பம் இல்லை என்பதையும் சொன்னேன். கொக்கிகளைத் தன் பொறுப்பிலேயே மாட்டிவிட முடியும், மற்ற இரண்டுக்கும் சென்னையில் அனுமதி கேட்க வேண்டும் என்று போனில் குறித்துக்கொண்டார். அண்ணன் மகள் பொங்கல் துணிக்கு அங்கேதான் போவதாக இருக்கிறாள், பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.