பிளம் கேக்கா, ரிச் கேக்கா: கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்ப எது தோது?

வீட்டில் சாப்பிடச் சுடும் கேக் வேறு, கொடுக்கச் சுடும் கேக் வேறு. நமக்காகச் சுட்டது ஓவனிலிருந்து இறங்கிய சூட்டோடு காலியாகிவிடும். கொடுக்கிற கேக்குக்கு அந்த யோகம் கிடையாது. டிசம்பர் 20 வாக்கில் சுட்டால் 24 ராத்திரி வரை நம் அலமாரியில் கிடக்கும். அப்புறம் ஸ்கூட்டரிலோ பஸ்ஸிலோ போகும். போய்ச் சேர்ந்த வீட்டில் ஏற்கெனவே நாலு வீட்டு கேக் வரிசையில் நிற்கும். நம்முடையதை அவர்கள் பிரிக்கும்போது புத்தாண்டு தாண்டியிருக்கலாம். அதுவரை பூஞ்சை பிடிக்கக் கூடாது, உதிரக் கூடாது, வறளக் கூடாது. நம் பக்கத்து வீடுகளில் வழக்கமாகச் செய்கிற கேக்குகளை இந்தக் கணக்கில்தான் இங்கே பார்க்கப்போகிறேன். எது அதிக ருசி என்பது அடுத்த கேள்வி.

பிளம் கேக் எனக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். இலங்கை ரிச் கேக் புகுந்த வீட்டுப் பழக்கம். இரண்டுக்கும் வக்காலத்து வாங்க வீட்டிலேயே ஆள் உண்டு. ஆகவே நடுநிலை என்றெல்லாம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

முதலில் பட்டர் கேக்கை ஓரங்கட்டிவிடலாம். சுடச்சுட அதற்கு நிகர் இல்லை, குழந்தைகளுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் மழைக்கால ஈரப்பதத்தில் மூன்று நாளைத் தாண்டினால் வாசம் மாறத் தொடங்கும். அடுத்த வீட்டுக்கு அன்றைக்கே கொடுப்பதென்றால் சரி. ஊருக்கு அனுப்ப உதவாது.

இலங்கையில் இன்னொரு கேக் உண்டு, லவ் கேக். ரவை, பொடியாக நறுக்கிய முந்திரி, மஞ்சள் கரு, தேன், ரோஜாப் பன்னீர், ஜாதிக்காய். மேலே மொறுமொறுப்பான தோல், உள்ளே ஈரம். இந்த வரிசையில் சாப்பிட ஆகச் சிறந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அந்த மேல்தோல்தான் இதற்குப் பகை. பொட்டலம் கட்டினால் தோல் நொறுங்கும், மூடி வைத்தால் உள் ஈரம் ஏறி மொறுமொறுப்பு போய்விடும். ஆட்களை வீட்டுக்கு அழைத்துத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டிய கேக் இது.

மிச்சம் இருப்பது இரண்டு. இவைதான் உண்மையான போட்டி.

பிளம் கேக்கின் பலம் பொருள்கள் எங்கும் கிடைப்பது. மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, உலர்ந்த திராட்சை, பேரீச்சை, முந்திரி, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு. தெருமுனை மளிகைக் கடையிலேயே முக்கால்வாசி வாங்கிவிடலாம். ஒரு டின்னுக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் 200 கிராம், 4 முட்டை, ஊறிய பழம் 400 கிராம் என்ற கணக்கு கைகொடுக்கும். பழத்தில் டூட்டி ஃப்ரூட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அது சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் போட்ட பப்பாளிக்காய். நிறம் தருமே தவிர, மணம் துளியும் தராது.

இந்தக் கேக்கின் தரத்தைத் தீர்மானிப்பது கருக்கிய சர்க்கரைதான். கனமான பாத்திரத்தில் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் போட்டு மிதமான தீயில் வைத்தால் ஓரத்தில் உருக ஆரம்பிக்கும். தேன் நிறம் வரும், பிறகு செம்பு நிறம். இங்கேதான் பலர் பயந்து இறக்கிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நுரை பொங்கி, புகை மெல்லிசாகக் கிளம்பி, கருஞ்சிவப்புக்குப் போகிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரை ஓரமாக ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு கட்டியாக இறுகிக்கொள்ளும், தெறிப்பும் அதிகம். வெந்நீருக்கும் சீறத்தான் செய்யும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி தாமதித்தாலும் கசப்பு மிஞ்சிவிடும், முன்னதாக இறக்கினால் கேக் வெளிறிப்போய் டீக்கடை கேக் மாதிரி இருக்கும். பேக்கரி பிளம் கேக் பலவற்றில் கறுப்பு நிறம் இருந்தும் அந்த லேசான கசப்பு இல்லாததற்குக் காரணம், நிறம் புட்டியிலிருந்து வருவதுதான்.

ரம் விஷயத்துக்கு வருவோம். பழத்தை ஒரு மாதம், இரண்டு மாதம் என ரம்மில் ஊறப்போடுவது வழக்கம். சர்க்கரையும் சாராயமும் சேர்ந்து கிருமி வளர விடாது. அதனால்தான் இந்த கேக் வாரக்கணக்கில் தாங்குகிறது. நம் ஊரில் பெரிய தடை, அதை வாங்க டாஸ்மாக் வாசலில் யார் நிற்பது என்பதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போன பாட்டிலை நம்பியே பல வீட்டு கேக் வண்டி ஓடுகிறது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆரம்பத்திலிருந்தே இது கிடைத்ததை வைத்துச் செய்த கேக்தான். கேரளத்துத் தலைச்சேரியில் பேக்கரி வைத்திருந்த மம்பள்ளி பாப்பு, 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைச் சுவைத்துப் பார்த்து அதேபோல் செய்து கொடுத்தார் என்பது அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதை. பிராந்திக்குப் பதில் அவர் உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றினாராம்.

ரிச் கேக் வேறு ரகம். மைதாவே கிடையாது, அல்லது பேருக்குத்தான். ரவையை லேசாக வறுத்து, சூடு ஆறுவதற்குள் வெண்ணெயில் கலந்து ஊற விட வேண்டும். 250 கிராம் ரவைக்குப் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் கரு போகும். வெள்ளைக் கருவில் பாதியை மட்டும் அடித்துச் சேர்ப்பார்கள். பழமும் முந்திரியும் ரவையைப்போல் பல மடங்கு. அதோடு இஞ்சிப் பாகு, சௌசௌப் பாகு, பூசணி தோசி. தோசி என்றால் நீற்றுப்பூசணியைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சிய துண்டு. ஏலக்காய், பட்டை, பன்னீர், தேன், பிராந்தி. எல்லாவற்றையும் திராட்சை அளவுக்கு மேல் இல்லாமல் நறுக்க வேண்டும். டின்னுக்குள் செய்தித்தாள் பல அடுக்கு, அதன்மேல் பட்டர் பேப்பர், 140, 150 டிகிரி சூட்டில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல். சூடு கூடினால் நடு வேகும் முன் ஓரம் கருகும்.

செலவு பிளம் கேக்கைவிடத் தெளிவாகக் கூடுதல். முந்திரியும் வெண்ணெயும் முட்டையும் பையைக் காலி செய்துவிடும். மிஞ்சுகிற வெள்ளைக் கருவை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். தூத்துக்குடிக்காரர்களிடம் விடை இருக்கிறது: வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரித் தூள், அவ்வளவுதான் மக்ரூன். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் அதுவும் ஒரு பரிசுப் பொட்டலம்.

பூசணி தோசி தமிழ்நாட்டுக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. ஆக்ராவின் பேத்தா, அதாவது பூசணி மிட்டாய், கிட்டத்தட்ட அதேதான். பாகைக் கழுவிவிட்டு நறுக்கிப் போட்டால் வித்தியாசம் தெரியாது. அலகாபாத் கிறிஸ்தவர்கள் தங்கள் கேக்கில் இதே பேத்தாவையும் நெய்யையும் சோம்பையும் சேர்க்கிறார்கள். இலங்கைக்கும் அலகாபாத்துக்கும் இடையில் எந்தப் பூசணிக்கொடி ஓடியதோ.

இப்போது பரிசு என்ற கணக்குக்கு வருவோம். பிளம் கேக்கை முழுசாகத்தான் கொடுக்க முடியும். அரை கிலோ கேக் ஒரு வீட்டுக்கு என்றால், இருபது வீட்டுக்குப் பத்துக் கிலோ. சின்ன ஓவனில் அது நாலைந்து நாள் வேலை. வெட்டிக் கொடுத்தாலோ வெட்டிய முகம் காய்ந்து உதிர ஆரம்பித்துவிடும். ரிச் கேக்கில் நேர் எதிர். சுட்டபின் சில நாள் விட்டு, தீப்பெட்டி அளவுத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் மடித்து, மேலே வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றுவார்கள். இலங்கையில் கல்யாணத்துக்கும் இதே கேக்தான் சின்னப் பெட்டியில் போகும். ஒரு டின்னில் ஐம்பது, அறுபது துண்டு வரும். ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஆறு என்று கொடுக்கலாம். வாட்ச்மேன், தபால்காரர், பக்கத்து அலுவலக நண்பர் என்று யாரையும் விட வேண்டியதில்லை. பிரித்த துண்டை ஒருவர் அங்கேயே தின்று முடித்துவிடுவார், மிச்சம் வைக்கும் பேச்சே இல்லை. மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்துப் பார்த்தால் விலை கூடுதலான கேக்தான் சிக்கனமாக முடிகிறது.

வீட்டுப் பழக்கமாக நிலைக்க எது நல்லது என்று கேட்டால், அது வீட்டில் எத்தனை கை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிளம் கேக்கை ஒருவரே முடித்துவிடலாம். பழம் ஜாடியில் ஊறும், கருக்கிய சர்க்கரையை ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் வாசம் வந்ததும் எட்டிப் பார்ப்பார்கள். ரிச் கேக் அப்படி விடாது. நறுக்க ஆள் வேண்டும், முட்டை பிரிக்க ஆள் வேண்டும், தாள் வெட்ட, மடிக்க, ஓரத்தைக் கத்தரிக்க வேண்டும். என் புகுந்த வீட்டில் நறுக்குவது ஆண்கள் வேலை. "இன்னும் சின்னதா வெட்டுங்கோ அண்ணா" என்று நாத்தனார் மேற்பார்வை பார்ப்பார். தாள் சுற்றுவது பிள்ளைகள் பங்கு, பத்துத் துண்டுக்கு ஒன்று கூலி. வேலை அதிகம் என்பதாலேயே யாரும் ஒதுங்க முடியாது. இருவர் மட்டும் உள்ள வீட்டில் இதே வேலை தண்டனையாகிவிடும். அங்கே நான் பிளம் கேக்கைத்தான் சொல்வேன்.

பிளம் கேக்குக்குச் சாதகமாக இன்னொன்றும் உண்டு. முட்டை சாப்பிடாத வீட்டுக்கு, கண்டென்ஸ்டு மில்க் போட்டு முட்டையில்லாமல் செய்தாலும் பழமும் கருக்கிய சர்க்கரையும் குறையை மூடிவிடும். ரிச் கேக்கில் மஞ்சள் கருதான் உயிர், எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழம் போட்ட கேசரி. தீபாவளிக்கு நமக்கு அதிரசமும் முறுக்கும் கொடுத்த வீட்டுக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? ரம் ஆகாத வீடுகளும் இருக்கும். அவர்களுக்கு ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ பழத்தைக் கொதிக்கவிட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும். இது ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் தாங்காது என்பதால் 23-ஆம் தேதி சுட்டு 24 அன்றே கொடுத்துவிடுங்கள். பெட்டிமேல் "முட்டை இல்லை, ரம் இல்லை" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வாயால் சொன்னது அவர்கள் வீட்டுப் பாட்டிக்குப் போய்ச் சேராது.

என் வீட்டில் இப்போது இப்படிப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்: ரிச் கேக்குக்கான பழம் நவம்பர் முதல் வாரமே பிராந்தியில் விழுந்துவிடும், ஊருக்குப் போகிற பொட்டலமெல்லாம் அதுதான். தெருவுக்குள் கொடுப்பது சாற்றில் ஊறிய பிளம் கேக். நவம்பரைத் தவறவிட்டவர்கள் ரிச் கேக்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு, இப்போதைக்கு ஆரஞ்சு வாங்கிவரலாம்.