பேட்ஜ் சேர்க்க மூன்று வழி: நின்டெண்டோவின் கொக்கி, ஸ்டீமின் கார்டு, ஸ்விட்சின் பாயின்ட்

கேம் கருவியின் திரையையோ புரொஃபைலையோ அலங்கரிக்கும் பேட்ஜ், ஐகான் போன்ற ஒரு சின்னப் படம்தான் சரக்கு. அதை எப்படி விற்பது என்பதில் மூன்று விதமான கடைகள் உண்டு. பிடித்தால் உனக்கு என்றது, இப்போது மூடப்பட்டுவிட்ட நின்டெண்டோ பேட்ஜ் ஆர்கேட். சேர்த்தால் உனக்கு என்கிறது கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம். விலை இதுதான், எடுத்துக்கொள் என்கிறது நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான சந்தாச் சேவை, ஸ்விட்ச் ஆன்லைன். உங்கள் பணமும் நேரமும் எங்கே போகின்றன என்பதை வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று திசை.

பேட்ஜ் ஆர்கேட், நின்டெண்டோவின் கையடக்கக் கேம் கருவியான 3டிஎஸ்ஸுக்காக 2014 டிசம்பரில் ஜப்பானிலும், 2015 நவம்பரில் அமெரிக்கா, ஐரோப்பாவிலும் வந்தது. இறக்கிக்கொள்வது இலவசமாக இருந்தது, அமெரிக்காவில் 5 ஆட்டத்துக்கு 1 டாலர், ஜப்பானில் 90 யென் வாங்கினார்கள். ஆட்டம் இதுதான்: கொக்கியால் பொருளைக் கவ்விக் குழிக்குள் போட வேண்டும். மால்களில் நிற்கும் நிஜ இயந்திரத்தில் கொக்கியை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். இங்கே ஒரே கோடுதான்: பட்டனை அழுத்திப் பிடித்தால் கொக்கி நகரும், விட்டால் இறங்கும். தாண்டிப் போய்விட்டால் பின்னால் இழுக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் நீங்கள் எடுக்கும் முடிவு ஒன்றே ஒன்று, விரலை எப்போது எடுப்பது.

அந்த ஒன்றுக்குள் நிறைய இருக்கிறது. பேட்ஜ்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். எடை, சாய்வு, உராய்வு எல்லாம் கணக்கில் வரும். குழிக்குள் விழுந்தது எதுவானாலும் உங்களுடையது, கொக்கி கவ்வியதாகவே இருக்க வேண்டியதில்லை. புதிதாக ஆடுபவர் வழுக்குவது இங்கேதான்: பிடித்த பேட்ஜின் நடுவைக் குறிவைப்பார். உருண்டையான பேட்ஜ் நடுவில் பிடித்தால் நழுவும். காது, தொப்பி, வால் என்று எங்காவது நீட்டிக்கொண்டிருக்கும் பேட்ஜாகப் பார்த்து, அந்த நீட்டலுக்கு அடியில் கொக்கியின் ஒரு கையை நுழைக்க வேண்டும். குவியலைத் தாங்கி நிற்கும் பேட்ஜ் குழியோரமாக இருந்தால், அதை அசைத்தாலே மேலே உள்ளவை சரியும். முந்தைய ஆட்டம் கலைத்துப்போட்ட நிலையில்தான் அடுத்த ஆட்டம் தொடங்குகிறது. எனவே 5 ஆட்டத்தையும் சேர்த்துத் திட்டமிடுவதே புத்தி. முதல் இரண்டு கலைக்க, மிச்சம் அள்ள. ஒரு டாலருக்கு 3 பேட்ஜ் விழுந்தால் ஒன்று 33 சென்ட், 7 விழுந்தால் 14 சென்ட். ஆடி முடிக்கும்வரை விலை தெரியாது.

கொக்கி இல்லாத இயந்திரங்களும் உண்டு. சுத்தியல் எதையும் பிடிக்காது, அடித்துத் தள்ளும். விளிம்பில் நிற்பவற்றுக்கு அதுதான் தோது. வெடிகுண்டு ஒரே அடியில் பலவற்றைச் சிதறடிக்கும், ஆனால் சுவர்ப்பக்கம் சிதறினால் அந்த ஆட்டம் வீண். தினசரி இலவசப் பயிற்சி இயந்திரத்தில் நன்றாகப் பிடித்தால் காசு கட்டும் இயந்திரத்தில் ஓர் இலவச ஆட்டம் கிடைத்தது. பொறுமைசாலிகள் பலர் இதை வைத்தே காலம் தள்ளினார்கள். கடையில் நின்ற இளஞ்சிவப்பு முயலோ பேசிப் பேசியே பணத்தை எடுக்கவைத்தது. விற்பனைக்காரன் என்று தெரிந்தும் கோபம் வராது.

ஸ்டீம் பேட்ஜில் கைத்திறனுக்கு வேலையே இல்லை, எல்லாம் கணக்கு. 2013இல் வந்த டிரேடிங் கார்டு முறைப்படி ஒரு கேமுக்கு 5 முதல் 15 கார்டு. விளையாடினால் ஏறக்குறைய பாதி தானாக விழும். மீதியை மாற்றிக்கொள்ளவோ சந்தையில் வாங்கவோ வேண்டும். முழு செட் சேர்ந்ததும் அது பேட்ஜாகிறது, கணக்கின் லெவலை உயர்த்தும் 100 எக்ஸ்பி புள்ளி தருகிறது. கூடவே புரொஃபைலுக்கு ஒரு பின்னணிப் படமும் எமோட்டிகானும். பேட்ஜை 5 நிலைவரை உயர்த்தலாம். 8 கார்டு கேம் என்றால் 40 கார்டு வேண்டும், இலவசமாக விழுவது 4, பாக்கி 36. பளபளப்பான, அரிதாக விழும் ஃபாயில் கார்டு தனி செட், சாதாரணக் கார்டோடு கலக்காது, அதற்கு ஒரே நிலைதான்.

சிக்கல்கள் மூன்று இடத்தில் வரும். ஸ்டீமில் 5 டாலர் அளவுக்குக்கூடச் செலவழிக்காத கணக்குக்குச் சந்தை திறக்காது. உள்நுழைவைக் கைபேசியில் உறுதிசெய்யும் மொபைல் ஆதென்டிகேட்டர் இல்லாவிட்டால் மாற்றிய கார்டு 15 நாள் வரை நிறுத்திவைக்கப்படும். மூன்றாவது கமிஷன்: விற்பவர் கையில் 10 ரூபாய் சேர, வாங்குபவர் 11.50 தர வேண்டும், ஏனென்றால் ஸ்டீமுக்கு 5 சதவீதம், கேம் நிறுவனத்துக்கு 10 சதவீதம். கணக்கின் பத்தாம் லெவல்வரை லெவலுக்கு ஒரு செட் போதும்; அதற்குமேல் இருபதுவரை இரண்டு செட். பத்தாம் லெவலில் புரொஃபைலில் காட்சிக்கு வைக்க ஒரு ஷோகேஸ் திறக்கும். பெருமைக்கு அதுவே போதும், அதற்குமேல் செலவழிப்பது வீண் என்பேன்.

ஸ்விட்ச் ஆன்லைன் 2022 மார்ச் முதல் தரும் ஐகான் பாகங்களில், அதாவது உங்கள் புரொஃபைல் படத்தை உருவாக்கும் துண்டுகளில், சஸ்பென்ஸே கிடையாது. கதாபாத்திரம் 10 பிளாட்டினம் பாயின்ட், பின்னணி 5, ஃப்ரேம் 5. சந்தா வேண்டும்; பாயின்டுகள் சின்னச் சின்ன மிஷன்களில் வரும். கவனிக்க வேண்டியது காலாவதி: பாயின்ட் 6 மாதத்தில் போய்விடும், பாகங்களும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கடையில் இருக்கும். சேமித்துவைக்காமல் கண்டவுடன் எடுப்பதே நல்லது.

குறிப்பிட்ட ஒரு படம்தான் வேண்டும் என்பவருக்கு ஸ்விட்ச். கேம்கள் ஏற்கெனவே குவிந்திருப்பவருக்கு ஸ்டீம். விழுந்த கார்டை விற்று வேறு செட்டை முடிக்கலாம். ஆடும் சுகத்தில் கொக்கி ஆட்டத்துக்கு இணை இரண்டிலும் இல்லை. ஆனால் 3டிஎஸ்ஸின் இணையக் கடையான இ-ஷாப் 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டது, இணையச் சேவை 2024 ஏப்ரலில் நின்றது. இனி புதிதாக அதில் சேர வழியில்லை. ஏற்கெனவே பிடித்துவைத்தவர்கள் எஸ்டி கார்டை நகலெடுத்துவைப்பது அவசியம். பேட்ஜ்கள் இருப்பது அதில்தான், கார்டு கெட்டால் சர்வரிலிருந்து மீட்க முடியாது.