தம்பி காலை ஒட்டவச்ச ஆஸ்பத்திரி: ஆபரேஷனுக்கு 5 ஸ்டார், பிசியோவுக்கு 2

ஆஸ்பத்திரி பேரு போடல, திட்டவும் வேண்டியிருக்கு, அதான். தம்பிக்கு வேலை செய்ற இடத்துல மெஷின்ல மாட்டி இடது கால் முழங்காலுக்குக் கீழ துண்டாயிடுச்சு. சித்தப்பா காலை அப்படியே ஐஸ்ல போடப் போனாரு, முதலுதவிக்கு வந்த நர்ஸம்மா ஒரு அதட்டு போட்டு ஈரத்துணியில சுத்தி பிளாஸ்டிக் கவர்ல கட்டி அந்தக் கவரை ஐஸ் தண்ணில வச்சாங்க, ஐஸ் நேரா பட்டா சதை செத்துடுமாம். அவங்களுக்குத்தான் முதல் ஸ்டார்.

சதை நிறைய இருக்கிற இடம்ங்கறதால குளிர்ல வைக்கலேன்னா 6 மணி நேரம்தான் கெடு, விரல்னா இன்னும் தாங்கும். நாங்க ரெண்டு மணி நேரத்துல போயிட்டோம். உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி பெரிய டாக்டர் வந்து, 1962ல பாஸ்டன்ல 12 வயசுப் பையனுக்குக் கையை ஒட்டவச்சதுலேர்ந்து இது நடக்குதுதான், ஆனா கால் வேற கதை, உடம்பு வெயிட்டைத் தாங்கணும், உள்ளங்கால்ல உணர்ச்சி வரலேன்னா செயற்கைக் காலே மேல்னு பட்டுனு சொன்னாரு. அப்போ எனக்கு வந்த கோவம் இருக்கே! இப்போ யோசிச்சா அங்க நேர்மையா பேசுன ஒரே ஆள் அவருதான்.

9 மணி நேரம் ஆபரேஷன். நசுங்குன எலும்பை 4 செ.மீ. வெட்டி பிளேட் போட்டு, நல்ல கால்லேர்ந்து ரத்தக்குழாய் எடுத்து இதுல வச்சுத் தச்சிருக்காங்க. ஐசியூல மணிக்கு ஒருதடவை சிஸ்டர் வந்து ரத்தம் ஓடுற சத்தத்தைக் கேக்குற டாப்ளர் கருவியை கால்ல வச்சுப் பார்ப்பாங்க, உஸ் உஸ்னு சத்தம் வந்தாதான் எங்களுக்கு மூச்சே வரும். கட்டைவிரலை அமுக்குனா வெளுத்துட்டு உடனே சிவக்கணும். யூரின் கலரைக்கூட விடாம பார்த்தாங்க, செத்த தசையோட கழிவு கிட்னியை அடிச்சிடுமாம். குறையே சொல்ல முடியாது.

குறையெல்லாம் டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான். நரம்பு ஒரு நாளைக்கு 1 மி.மீ. தான் வளரும், பாதம் வரைக்கும் வர ஒரு வருஷம் ஆகும்னு யாராவது சொல்லியிருந்தா அவன் ஆறு மாசமா இது மரக்கட்டைன்னு அழுதிருக்க மாட்டான். பிசியோவுக்குப் போனா தடவைக்கு ஒரு ஆள், மறுபடி முதல்லேர்ந்து கதை சொல்லணும். 14 மாசம் கழிச்சு போன வாரம்தான் தரை ஜில்லுனு இருக்குன்னான், எந்தக் கால்லடான்னு கேட்டா இடதுங்கறான்! கால் குட்டையானதுக்கு ஷூவுக்கு அடியில உயரம் வைக்கணும்ங்கறதையும் அங்க சொல்லல, செருப்பு தைக்கிறவர்தான் பார்த்துட்டு சொன்னாரு.