எடையா, பட்டையா: இரண்டு வைரங்களும் ஒரு தேர்வும்

ஒரே நிறத் தரம், ஒரே தெளிவுத் தரம், இரண்டுமே வட்ட வைரங்கள். ஒன்று 1.00 கேரட், சான்றிதழில் பட்டைத் தரம், அதாவது கல்லைத் தீட்டிய நேர்த்திக்கான தரம், ‘குட்’. இன்னொன்று 0.90 கேரட், தரங்களில் மிக உயர்ந்ததான ‘எக்ஸலன்ட்’. மோதிரத்துக்கு நான் எடுத்தது 0.90. இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

பெரிய கல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு. ‘ஒரு கேரட்’ என்றே கேட்டு வாங்குபவர்கள் ஏராளம். அதனால் அந்த எல்லையைத் தொட்டதுமே ஒரு கேரட்டுக்கான விலை வீதம் ஒரு படி ஏறிவிடுகிறது. மறுவிற்பனையில் நேரடி அனுபவம் எனக்கு இல்லை. அங்கே அந்த முழு எண்ணுக்குக் கூடுதல் வரவேற்பு இருக்கலாம்.

ஆனால் அந்தக் கூடுதல் எடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கற்களையும் வெள்ளை அட்டையில் அருகருகே வைத்தபோது அகலத்தில் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டின் விட்டமும் 6.2 மி.மீட்டரை ஒட்டியே இருந்தது. பக்கவாட்டில் திருப்பியதும் விஷயம் விளங்கியது: ஒரு கேரட் கல்லுக்கு இடுப்பு, அதாவது மேல்பாதியும் அடிப்பாதியும் சேரும் விளிம்பு, தடித்திருந்தது, அடிப்பகுதி ஆழமாக இறங்கியிருந்தது. எடை முழுக்க வயிற்றில். மோதிரத்தில் பதித்துவிட்டால் அந்தப் பகுதி யார் கண்ணிலும் படாது. பணம் மட்டும் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். பட்டை தீட்டுபவர் வேண்டுமென்றே இப்படி விடுவதும் உண்டு. சரிவைச் சரியாகத் தீட்டினால் கல் ஒரு கேரட்டுக்குக் கீழே போய்விடுமே!

எடையை விட்டுத் தள்ளினாலும் ஜொலிப்பு இருக்கிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே நுழைந்த ஒளி, பட்டையின் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24.4 பாகைக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேற வழியில்லாமல் முழுதாகத் திரும்பிவிடும். ஆகவே அடிப்பட்டைகளின் சரிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சரிவு அதிகமானால் ஒளி அடிவழியே கசிந்து, கல்லின் நடுப்பகுதி கறுத்துப் போகும். குறைந்தால் இடுப்பின் பிம்பம் மேல்தட்டுக்குள் சாம்பல் வளையமாகத் தெரியும். 1919இல் பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டுச் சொன்ன அளவுகள் அடியில் 40.75 பாகை, மேலே 34.5 பாகை. இன்றைய நல்ல வட்டக் கற்களும் இவற்றை ஒட்டியே வருகின்றன.

கடை விளக்கின் கீழ் எந்த வைரமும் மின்னும். அங்கே பார்த்து முடிவெடுக்கவே கூடாது. ஜன்னலோர நிழலில் இரண்டையும் மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். 0.90 கல்லில் வெளிச்சமும் இருளும் பட்டைக்குப் பட்டை இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு கேரட் கல்லின் நடுவில் இருந்த கறுப்பு எப்படிச் சாய்த்தாலும் அகலவில்லை.

வட்டம் அல்லாத வடிவங்களையும் பார்த்தேன். பிரின்சஸ் சதுரத்தில் மூலக்கல் அவ்வளவாக வீணாவதில்லை, அதனால் விலை குறைவு. ஆனால் கூர்முனைகள் உடையக்கூடியவை. எமரால்டு வடிவம் படிக்கட்டுப் பட்டைகளால் ஆனது, கண்ணாடிபோல் அகலமாகப் பளிச்சிடும். அழகுதான், ஆனால் உள்ளிருக்கும் சிறு குறையையும் அது மறைக்காது. அதை அணிந்து பழகியதில்லை, கையில் வைத்துப் பார்த்த அளவில் சொல்கிறேன். அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ., 2006 முதல் வட்டக் கற்களுக்குப் பட்டைத் தரம் தருகிறது. இந்த இரண்டு வடிவங்களுக்கும் அந்தத் துணை இல்லாததால் கண்ணை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

வட்டக் கல் வாங்குபவர்கள் ‘எக்ஸலன்ட்’ என்ற சொல்லோடு நின்றுவிட வேண்டாம். அந்தத் தரத்துக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. சான்றிதழின் வரைபடத்தில் அடிச்சரிவு 41 பாகையை விட்டு வெகுதூரம் விலகியிருந்தால், நிழலில் ஒருமுறை சாய்த்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.