ஆறு வருஷ ரீல், ஆறு யூரோ பேரிங்

பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கும் தம்பி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கடை விளம்பரத்தை அனுப்பினான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே தூண்டில் ரீல். பழைய மாடல்னு 90 யூரோ குறைச்சிருக்கான். வாங்கிரட்டுமா?"

அன்று காலையில்தான் அதே ரீலை மூன்றாவது முறையாக ரிப்பேரிலிருந்து வாங்கி வந்திருந்தேன். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருப்பேன். ஆனால் இந்த ரீல் எனக்குக் கொடுத்ததையும் சொல்லாமல் அப்படிச் சொல்வது நியாயமாகப் படவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

4000 அளவு ஸ்பின்னிங் ரீல். கியர், எடை, கொள்ளளவு எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது, அவனுக்கும் தெரியும். கம்பெனி பெயர் வேண்டாம். 2019 இலையுதிர் காலத்தில் வாங்கினேன். அன்று முதல் ஸ்பெயினின் எப்ரோ ஆற்றிலும், அது மத்தியதரைக் கடலில் கலக்கும் டெல்டாவிலும் லூர் (செயற்கை இரை) போட்டு மீன் பிடிக்கிறேன். வேலை தர்ரகோனாவில் என்பதால் வாரக் கடைசி முழுவதும் அங்கேதான்.

முதலில் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக். ஒரு ஜூன் மாத விடியல், ஆற்றின் முகத்துவாரம். மடவைக் கூட்டம் தண்ணீரை விட்டுத் துள்ளிச் சிதறியது. பின்னால் பலோமெதோன் துரத்துகிறது என்று அர்த்தம். அது பாரைக் குடும்பத்து மீன். தூத்துக்குடிப் பக்கம் பாரை இழுத்துப் பழகியவர்களுக்கு அந்த முதல் ஓட்டம் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பென்சில் லூரை அடித்ததும் நிற்காமல் நூறு மீட்டருக்கு மேல் நூலை உருவிக்கொண்டு போனது. அவ்வளவு தூரத்துக்கும் டிராக் ஒரு இடத்தில் கூடத் திக்கவில்லை, ஒரே சீராக இரைந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கரைக்கு வந்த மீன் 11 கிலோ. தண்ணீரில் பிடித்து நிறுத்தி, வாலில் தெம்பு வந்ததும் விட்டேன். அந்தக் காலையை எனக்குக் கொடுத்தது இந்த ரீல்தான்.

அடுத்து ரிபாரோஜா அணை நீர்த்தேக்கம். குளிர்காலத்தில் பனிமூட்டத்துக்குள் நின்று, அடியில் ரப்பர் மீனை மெல்லத் தட்டித் தட்டி இழுத்தால் சாண்டர் என்ற மீன் கடிக்கும். அதைக் கடி என்று சொல்வதே அதிகம், விரலில் ஒரு 'டக்' மட்டும்தான். கைப்பிடியில் ஆட்டம் இருந்தால் அந்த 'டக்' வந்து சேராது. ஆறு வருஷத்துக்குப் பிறகும் இந்தக் கைப்பிடியில் மயிரிழை ஆட்டம் கிடையாது. ஒருமுறை அதே மெல்லிய நூலில் ஒன்றரை மீட்டர் வெல்ஸ் கெளுத்தி ஏறியது. அதையும் தாங்கியது. (அந்தக் கெளுத்தி இந்த ஆற்றின் மீனே அல்ல. 1974-ல் ஒரு ஜெர்மானியர் கொண்டுவந்து விட்டது. அதை இன்று ஆக்கிரமிப்பு இனமாக ஸ்பெயின் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது.)

இனி, ஆறு வருஷமாக என்னை வாட்டும் அந்த ஒரு இடம்: நூல் உருளை. நூலை வழிநடத்தும் பெயில் கம்பியின் முனையில், நூல் வளைந்து அது சுற்றப்படும் ஸ்பூலுக்குத் திரும்பும் இடத்தில் இருக்கும் சுண்டுவிரல் நகம் அளவுச் சின்ன உருளை. அதற்குள் ஒரு பேரிங். ஈரமான பிரெய்ட் (பின்னல்) நூல் அந்த உருளையில் அழுந்தும்போது தண்ணீரைப் பிழிந்து விடுகிறது. பிழிந்த தண்ணீர் போகும் முதல் இடம் பேரிங். உப்பு உள்ளே காய்ந்தால் முதலில் ஒரு கீச்சுச் சத்தம், பிறகு கரகரப்பு, பிறகு உருளை நின்றே போகும். நின்ற உருளையின் மேல் நூல் உரசி உரசி நைந்துவிடும்.

முதல் தடவை 14 மாதத்தில் நின்றது. கடலில் தல்யாம்ஸ் பிடிக்கப் போன சீசன் அது. ஆங்கிலத்தில் புளூஃபிஷ் என்பதைத்தான் கத்தலான்காரர்கள் 'தூண்டில் வெட்டி' என்று பொருள்படும் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். அலையும் உப்பும் குடித்த ரீல், பேரிங் போனதில் ஆச்சரியமில்லை என்று பணம் கட்டினேன்.

இரண்டாவது தடவைதான் கொதித்துப் போனேன். 2022. கடலுக்கென்று வேறொரு விலை குறைந்த ரீலை வாங்கி, இதை ஆற்றுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஐந்தே மாதத்தில் உருளை நின்றது. கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "கடல் உப்பு. வாரன்டி இல்லை" என்றார். "இந்த வருஷம் இது கடலையே பார்க்கவில்லை" என்று நான் சத்தம் போட்டேன். பேரிங்கில் இருந்த வெள்ளைப் பொருக்கை அவர் காட்டினார். ஏமாற்றுகிறார் என்றே நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

விடை கிடைத்தது 2023 ஆகஸ்டில், தெல்தெப்ரே ஊருக்கு அருகில். கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. மேலே கார்ப் மீன்கள் சோம்பலாகத் திரிந்தன. ஆழத்தில் ஒரு ஈய ஜிக் (எடையுள்ள லூர்) போட்டு இழுத்துவிட்டு, வெயிலில் ரீலை வைத்துச் சாப்பிட்டேன். திரும்ப எடுத்தபோது உருளையில் மாவு தூவியது போல வெள்ளை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கரையில் கையால் அள்ளிய தண்ணீரையும் ருசி பார்த்தேன், அதில் உப்பு இல்லை.

எப்ரோவின் கடைசிப் பகுதி உண்மையில் இரண்டு ஆறு. மேலே நன்னீர் கடலை நோக்கிப் போகிறது. அடியில், கனமான கடல்நீர் ஆப்பு அடித்தது போல ஆற்றுக்குள் ஏறி வருகிறது. நொடிக்குச் சுமார் 400 கனமீட்டருக்கு மேல் ஆறு ஓடினால் அந்த ஆப்பைக் கடலுக்கே தள்ளிவிடும். 100-க்கும் கீழே இறங்கினால் அம்போஸ்தா ஊர் வரை, சுமார் 30 கிலோமீட்டர், உப்பு ஏறிவிடும். 2022-ம் 2023-ம் வறட்சி வருஷங்கள். மேலே மெக்கினென்சா, ரிபாரோஜா, ஃபிளிக்ஸ் என்று அணைகள். அவை தண்ணீரோடு வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் 2020 ஜனவரியில் குளோரியா புயல் உடைத்த, டெல்டாவின் திராபுகாதோர் மணல்திட்டு போன்ற இடங்கள் தாமாக மீளவே திணறுகின்றன. அந்த ஆற்றைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

ஆக, நான் நன்னீரில் மீன் பிடிப்பதாக நினைத்த நாட்களிலெல்லாம் என் நூல் கடலுக்குள் போய் வந்திருக்கிறது. அடுத்த முறை போனபோது கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?" என்று காபி வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு என் மீன்பிடியே மாறியது. மூழ்கும் லூரை வீசி, எண்ணி, இரண்டு தண்ணீரும் சந்திக்கும் ஆழத்தில் இழுக்க ஆரம்பித்தேன். நம் கொடுவாவைப் போலத் தோன்றினாலும் வேறு இனமான லுபினா அங்கேதான் காத்திருக்கிறது. நான் பிடித்த நல்ல லுபினாக்களில் பாதி கடலில் அல்ல, ஆற்றின் அடியில் கிடைத்தவை. இங்கே கடலின் ஏற்றவற்றம் ஒரு சாண் அளவுதான், ஏற்றவற்ற நேரம் பார்த்துப் போகும் பழக்கம் உதவாது. காற்றையும் ஆற்றின் ஓட்டத்தையும் பார்த்துத்தான் கிளம்புகிறேன்.

ரீலையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். எங்கே போய் வந்தாலும் டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளி போல மெல்லிய நீரில் கழுவுவேன். குழாயை வேகமாகத் திறந்தால் உப்பு இன்னும் உள்ளே போகும். காய்ந்ததும் உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஸ்பூலின் உள் அடுக்குகளில் நூல் உப்பைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் மாதம் ஒருமுறை நூலை ஊறவும் வைப்பேன். இரண்டு வருஷம் ஓடியது.

பிறகு இந்த மே மாதம், பலோமெதோன் வரும் நேரத்தில், மறுபடி கீச்சு. பேரிங் விலை 6 யூரோ. கூலியோடு சேர்த்து 48. அதைவிடப் பெரிய இழப்பு ரிப்பேரில் போன மூன்று வாரம். பெட்டியில் 'கடலுக்கு ஏற்றது' என்று அச்சடித்து விற்கும் ரீலில், உப்பு முதலில் நுழையும் வாசலை மட்டும் ஏன் திறந்து போடுகிறார்கள்? அந்தத் திருகை நானே கழற்றினால் வாரன்டி போய்விடும் என்று ஏன் மிரட்டுகிறார்கள்? வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. இனி நான்தான் கழற்றுவேன்.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. டிராக்குக்கு முழு மார்க், கைப்பிடிக்கு முழு மார்க், ஆனாலும் வாங்காதே. 90 யூரோ குறைவு என்பது உனக்கு மூன்று ரிப்பேருக்குக் கூடக் காணாது. ஜூன் கடைசி வாரம் இங்கே வா. 4×7×2.5 மில்லிமீட்டர் பேரிங் பத்து வாங்கி வைத்திருக்கிறேன். என் ரீலையே தருகிறேன், முகத்துவாரத்தில் ஒரு விடியல் இழுத்துப் பார். அதற்குப் பிறகும் வாங்க வேண்டும் என்று தோன்றினால், அப்போது நான் தடுக்க மாட்டேன்.