டிஆர்எம் பூட்டுள்ள மின்நூல்: படிக்கச் சுகம், வைத்துக்கொள்ளச் சிரமம்

வாங்கியதும் படிக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், தேடலாம், அதெல்லாம் அருமை. ஆனால் டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு) இருந்தால் புத்தகம் குறியாக்கம் செய்யப்பட்டு, திறக்கும் சாவி உங்கள் கணக்கோடும் கருவியோடும் கட்டப்பட்டிருக்கும், அதனால் வேறு நிறுவனத்தின் ரீடரில் அதே கோப்பைப் போட்டால் பெரும்பாலும் திறக்காது. காசு கொடுத்தது நாம், அனுமதி அவர்கள் கையில்! எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்புறம், கடையே மூடிவிட்டால்? 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்கள் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது நியாயம்தான், ஆனாலும் புத்தகம் போனது போனதுதான். வாங்குபவரின் விவரத்தை வாட்டர்மார்க்காக மட்டும் பதித்து, பூட்டில்லாமல் விற்கும் பதிப்பகங்களும் இருக்கின்றன, முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.