உப்புக்காற்றில் ஸ்பிளிட்டர்: மண்டபம் முதல் சாயல்குடி வரை

இந்தக் கரையில் கெட்டுப்போவது ஃபைபரில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இல்லை, அது இருக்கும் பெட்டிதான். மின்சாரமே தேவைப்படாத, ஒளியைச் சமமாகப் பிரிக்கும் பிஎல்சி வகை ஸ்பிளிட்டரில் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. பல வருடமாகக் கம்பத்தில் தொங்கும், ஒன்றை எட்டாகப் பிரிக்கும் 1×8-ஐ இறக்கி அளந்தாலும் ஒளி இழப்பு 10.5 டிபி (டெசிபல்) பக்கத்திலேயே நிற்கிறது.

தொல்லை தருவது அந்தப் பெட்டியில் ஃபைபர் பின்னை (கனெக்டரை) செருகும் அடாப்டர். ஆடிக் காற்றில் பொடிமணலும் உப்பும் மூடியில்லாத போர்ட்டுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் பலம்) காட்டிய ஓஎன்யூ, அதாவது வீட்டு ஃபைபர் மோடம், மெல்ல மைனஸ் 26-க்கு இறங்கும். ஜிபான் என்ற ஃபைபர் இணைய முறையின் பி-பிளஸ் வகையில் எல்லையே மைனஸ் 27. பலர் பின்னை மட்டும் துடைத்துவிட்டுச் செருகுகிறார்கள். அடாப்டருக்குள் எதிர்ப்பக்கப் பின் அழுக்காகவே இருக்கும், துடைத்த பின்னும் செருகியதும் மறுபடி அழுக்காகும். 2.5 மிமீ பேனா கிளீனரை உள்ளே விட்டு முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். முனை சாய்வாக உள்ள பச்சைப் பின்னோடு (ஏபிசி) சாய்வில்லாத நீலத்தை (யுபிசி) செருகுவது இன்னும் மோசம்: 8 டிகிரி சாய்வு பொருந்தாமல் சில டிபி போவதோடு முனையிலும் கீறல் விழும்.

சுத்தம் செய்தும் குறையவில்லையா? 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளி அலைநீளத்திலும் இழப்பை அளந்து பாருங்கள். 1550-இல் மட்டும் இழப்பு கூடினால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது. பெரும்பாலும் பெட்டியில் ஃபைபரைச் சுற்றிவைக்கும் ட்ரேக்குள் இறுக்கிச் சுற்றியதாகத்தான் இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு கூடினால் கோளாறு பின்னில் அல்லது ஸ்ப்லைஸில் (ஃபைபரை உருக்கி ஒட்டிய இணைப்பில்).

அதனால் வெளியில் வைப்பதற்கு பின் இல்லாத ஸ்டீல் டியூப் வகை ஸ்பிளிட்டரை வாங்கி, ஜாயின்ட் குளோஷருக்குள் (இணைப்பை மூடிவைக்கும் உறைக்குள்) நேரடியாக ஸ்ப்லைஸ் அடிப்பதே நம் ஊருக்குச் சரி. பின் போட்ட வகையை அறைக்குள் வைத்துக்கொள்ளலாம். பெட்டி ஸ்க்ரூ சாதா இரும்பென்றால் துருவேறி, அடுத்த முறை திறக்கையில் தலை கழன்று கையோடு வரும்.

கடற்கரைச் சாலையில் ஊர்கள் ஒரே வரிசையாக நீள்வதால் ஒளியைச் சமமில்லாத இரண்டு பங்காகப் பிரிக்கக்கூடிய எஃப்பிடி கப்ளருக்கும் இங்கே வேலை உண்டு: சின்னப் பங்கு அந்த ஊருக்கு, பெரிய பங்கு அடுத்த ஊருக்கு. பவர் அதிகமுள்ள முதல் ஊரில் 5:95, பிறகு 10:90, 20:80 என்று போய்க் கடைசியில் 50:50. 10:90-இல் மைனஸ் 2 டிபிஎம் உள்ளே போனால் சின்ன காலில் (வெளிவரும் ஃபைபரில்) மைனஸ் 12.5, பெரிய காலில் மைனஸ் 2.7 அளவில் வரும். காலின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளந்த பிறகே ஸ்ப்லைஸ் அடியுங்கள். 1310/1550 என்று மட்டும் அச்சடித்த மலிவுக் கப்ளரில், இன்டர்நெட் வீட்டுக்கு வரும் 1490-இல் பங்கு பிசகும். டிவிக்கு ஓடும், இன்டர்நெட்டுக்கு மூன்று அலைநீளமும் எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.